வெட்ஸ்பியெபல்கா வரலாற்றை எழுத உதவியவர்களுக்கு நன்றி

அன்புள்ள எல்லோருக்கும்,

லாத்வியாவின் வித்சேமே மேட்டுப்பகுதியில், அலவுக்ஸ்ட்ஸ் ஏரிக்குப் பக்கத்தில் இருக்கிறது வெட்ஸ்பியெபல்கா. என் மனைவியின் பாட்டன் பூட்டன் வாழ்ந்த ஊர். எங்கள் பிள்ளைகள் அம்மா வழி ஊரின் கதையைத் தமிழிலும் படிக்கவேண்டும் என்று ஆசைப்பட்டு எழுத ஆரம்பித்தேன். இப்போது எழுதி முடித்தாயிற்று. தனி ஆளாகச் செய்திருக்கக்கூடிய வேலையே இல்லை இது. உதவியவர்கள் பலர் பெயர் போட வேண்டாம் என்றார்கள். சரி, பெயர் இல்லாமலே சொல்கிறேன்.

முதல் நன்றி ரீகாவிலுள்ள அரசு வரலாற்று ஆவணக் காப்பகத்தாருக்கு. தேவாலயப் பதிவேடுகளைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து, யார் வேண்டுமானாலும் காசில்லாமல் வீட்டிலிருந்தே பார்க்கும்படி இணையத்தில் வைத்திருக்கிறார்கள். பிறப்பு, கல்யாணம், சாவு எல்லாம் பழைய ஜெர்மன் கையெழுத்தில் இருக்கும். 1890களில் ரஷ்ய மொழிக்கு மாறிவிடும். அந்த ஜெர்மன் எழுத்தைப் படிக்க எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். ஈ (e), என் (n), யூ (u) மூன்றும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இரண்டு கோடுகளாக நிற்கும். தலைக்கு மேல் சின்னதாக ஒரு வளைவு இருந்தால்தான் அது யூ. பூதக்கண்ணாடியும் கையுமாக என் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு வளைவாகத் தொட்டுக் காட்டிய அவருடைய பொறுமைக்கு நான் என்ன கைம்மாறு செய்ய முடியும்?

எழுத்து பிடிபட்ட பிறகு அடுத்த சிக்கல் வந்தது. 1820களுக்கு முன்னால் போனால் குடியானவர்களுக்குக் குடும்பப் பெயரே கிடையாது. வித்சேமேயில் பண்ணையடிமை முறை 1819-ல் ஒழிந்த பிறகுதான் அந்தப் பெயர்கள் வந்தன. அதுவரை ஆளின் பெயரும் அவர் இருந்த பண்ணைவீட்டின் பெயரும் மட்டுமே. வேறு வீட்டுக்குக் குடிபோனால் ஏட்டில் அவர் வேறு ஆள். எந்த வீடு எங்கே இருந்தது என்று பழைய வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டியவர் ஊர் நூலகர். பல வீடுகள் இன்று இல்லை. "ஆள் இல்லாத இடத்தில் ஆப்பிள் மரமும் லைலாக் புதரும் நின்றால், அங்கே வீடு இருந்தது என்று அர்த்தம்" என்றார். அதை வைத்தே என் மனைவியின் முன்னோர் வீட்டு மனையைக் கண்டுபிடித்தோம்.

கவுட்சீட்டே சகோதரர்களின் வீட்டு அருங்காட்சியகத்தாருக்கும் என் வணக்கம். ரெய்னிஸ், மத்தீஸ் இருவரும் இந்த ஊர்ப் பள்ளி ஆசிரியர்கள். நிலம் அளக்க அதிகாரிகள் வந்தபோது ஊர் பட்ட பாட்டை வைத்து அவர்கள் சேர்ந்து எழுதியதுதான் 1879-ல் வந்த முதல் லாத்விய நாவல். இவ்வளவு சின்ன ஊரிலிருந்து ஒரு மொழியின் முதல் நாவல் வந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

அப்புறம், நெசவு. ரஷ்யப் பேரரசர் மகா பீட்டர் காலத்தில் இந்த ஊர்ப் பண்ணை ஷெரமேத்யேவ் பிரபு குடும்பத்துக்குப் போனது. அவர்கள் வாரத்தில் இத்தனை நாள் வந்து உழைத்துவிட்டுப் போ என்று கேட்காமல், குத்தகையைப் பணமாக வாங்கினார்கள். பணத்துக்காக ஜனங்கள் தறியிலும் ராட்டை செய்வதிலும் வியாபாரத்திலும் இறங்கினார்கள். பியெபல்கா ஆட்கள் கெட்டிக்காரர்கள் என்ற பெயர் அப்படித்தான் வந்தது என்பது என் கணிப்பு. ஆளிச்செடியை வேரோடு பிடுங்கி, ஊறப்போட்டு, உலர்த்தி, நொறுக்கி, சீவி நார் எடுப்பதை எனக்காக முழுசாகச் செய்து காட்டிய நெசவுக்கார அம்மாவுக்கு நன்றி. சீவிய நாரைக் கையில் கொடுத்தார். வெளுத்த தலைமுடிபோல் அவ்வளவு மிருது.

இந்த நூலிலேயே எழுதக் கடினமாக இருந்தது 1949 மார்ச் 25. அன்று தொடங்கி சில நாட்களில் சோவியத் ஆட்சியாளர்கள் லாத்வியாவிலிருந்து 42,000-க்கும் மேற்பட்டவர்களைச் சரக்கு ரயிலில் ஏற்றிச் சைபீரியாவுக்கு அனுப்பினார்கள். பாதிக்கு மேல் பெண்களும் குழந்தைகளும். மிச்சமிருந்தவர்கள் பயந்துபோய்க் கூட்டுப்பண்ணையில் சேர்ந்தார்கள். அந்த ரயிலில் சிறுமியாகப் போன பாட்டி ஒருவர் என்னோடு பேச ஒப்புக்கொண்டார். அவசரத்தில் அம்மா ரை தானிய ரொட்டியையும் தையல் ஊசிகளையும் எடுத்துக்கொண்டாராம். அங்கே அடுத்தவர்களுக்குத் துணி தைத்துக் கொடுத்துத்தான் அவர்கள் பிழைத்தார்கள். பாட்டி, நீங்கள் சொன்னதில் ஒரு வரியையும் நான் மெருகேற்றவில்லை. சொன்னபடியே எழுதியிருக்கிறேன்.

போரில் இடிந்து, 1990களில் திரும்ப எழுந்த தேவாலயத்தின் கதவை எனக்காகத் திறந்துவிட்டவருக்கும், கல்லறைத் தோட்டத்தில் லாத்விய மொழிக்காகப் பாடுபட்ட பள்ளி ஆசிரியர் அத்திஸ் குரோன்வால்ட்ஸின் சமாதிக்கு வழிகாட்டியவருக்கும் நன்றி.

கடைசியாக எங்கள் அத்தைக்கு. என் அரைகுறை லாத்விய மொழியைச் சகித்துக்கொண்டு, எல்லாப் பேட்டிகளுக்கும் கூடவே வந்தார். நூலின் ஒரு பிரதியை ஊர் நூலகத்துக்குக் கொடுக்கப்போகிறோம். அங்கே தமிழ் படிக்க ஆள் இல்லை என்பதால், லாத்விய மொழியில் ஒரு சுருக்கத்தை அத்தையே எழுதிக்கொண்டிருக்கிறார்.

அன்புடனும் நன்றியுடனும்,
பியெபல்கா வீட்டு மருமகன்