'இயல்பு நிலை' எது என்பதைச் சேற்றிடம் கேளுங்கள்

கடலோர மாசுக் கண்காணிப்புப் பொறுப்பிலுள்ள அதிகாரிகளுக்கு,

வணக்கம். கழிமுகங்களிலும் துறைமுகங்களிலும் கன உலோக மாசைக் கணக்கிடும்போது இன்றைய அளவை எதனோடு ஒப்பிடுகிறீர்கள் என்று கேட்கவே இம்மடலை எழுதுகிறேன். கண்காணிப்புத் திட்டங்கள் பெரும்பாலும் ஆலைகள் வந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னரே தொடங்கின. முதல் மாதிரி எடுத்த நாளிலேயே அந்த நீர்நிலை கெட்டுப்போயிருக்கக்கூடும். அந்நாளின் நிலையை 'இயல்பு' என்று பதிவேட்டில் எழுதிவிட்டால், பின்வரும் ஒவ்வோர் அறிக்கையும் அப்பிழையைச் சுமந்தே வரும்.

ஆலைகளுக்கு முந்தைய நிலையை அறியும் வழி அதே நீர்நிலையின் அடியில் கிடக்கிறது. ஃபொராமினிஃபெரா என்னும் ஒற்றைச் செல் உயிரிகளுள் பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டருக்கும் சிறியவை. சில சுண்ணாம்பால் ஓடு கட்டும், சில மணல் துகள்களை ஒட்டிக் கட்டிக்கொள்ளும். உங்கள் ஆய்வாளர்கள் வழக்கமாக எண்ணும் கடலடிப் புழுக்கள் இறந்தபின் ஏறக்குறையத் தடயமின்றி அழுகிப்போகின்றன. ஃபொராமினிஃபெராவின் ஓடுகளோ வண்டலில் அடுக்கடுக்காகத் தங்கிவிடுகின்றன. குழாயைச் செலுத்தி எடுக்கும் வண்டல் உருளையின் அடுக்குகளுக்கு, ஏறக்குறைய 22 ஆண்டு அரைவாழ்வு கொண்ட கதிரியக்க ஈயமான ஈயம்-210ஐக் கொண்டு, நூறாண்டுக்குச் சற்று மேற்பட்ட காலம்வரை வயது கணிக்கலாம். ஈய மாசின் வரலாற்றுக்கு ஈயமே நாள்காட்டியாக அமைவது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. துத்தநாக ஆலைக் கழிவால் பாதிக்கப்பட்ட நார்வேயின் சோர்ஃபியோர்டில் எடுத்த உருளைகளைக் கொண்டு, கன உலோக மாசு இவ்வுயிரிகளின் ஓடுகளில் பதிந்திருப்பதை எலிசபெத் ஆல்வே 1991இலேயே காட்டினார்.

வேதியியல் ஆய்வு போதாதா என்று நீங்கள் கேட்கலாம். வண்டலில் காட்மியமோ செம்போ மொத்தம் எவ்வளவு உள்ளது என்பதை அது துல்லியமாகச் சொல்லும். ஆயினும், சல்ஃபைடுடன் பிணைந்து கிடக்கும் உலோகம் எவ்வளவு, உயிரினங்களின் உடலுக்குள் புகக்கூடியது எவ்வளவு என்பது அந்த மொத்த அளவிலிருந்து தெரிவதில்லை. உயிரினங்கள் உண்மையில் பாதிக்கப்பட்டனவா என்பதை ஓடுகளே காட்டுகின்றன. மாசு ஏறும்போது பொதுவாக இனங்களின் எண்ணிக்கை குறைந்து, அம்மோனியா டெபிடா போன்ற தாக்குப்பிடிக்கும் சில இனங்களே மிகுதியாக எஞ்சுகின்றன. கோணிய சுருள், மிகையான அறை, இரண்டு ஓடுகள் ஒட்டிப் பிறந்த இரட்டை எனச் சிதைந்த வடிவங்களும் தோன்றுகின்றன.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. நுண்ணோக்கியில் கோணல் ஓடு ஒன்றைக் கண்டதும் குற்றவாளி சிக்கிவிட்டான் என்று தோன்றும். நானும் அப்படி அவசரப்பட்டதுண்டு. கழிமுகத்தில் உப்புத்தன்மை ஏறி இறங்குவதாலும் அதே சிதைவுகள் உண்டாகும். ஆக்சிஜன் குறைவும் கரிமக் கழிவும் இன எண்ணிக்கையை மாற்றும். ஆகவே சிதைந்த ஓடுகளின் விழுக்காட்டை மட்டும் சட்ட வரம்பாக வைத்துவிடாதீர்கள். வழக்கு வந்தால் அது நில்லாது. உலோக அளவு, துகள் பருமன், கரிமப் பொருள், ஆக்சிஜன் ஆகியவற்றுடன் சேர்த்து, மாசுபடாத ஓர் இடத்தோடும் ஒப்பிட்டே அதைப் படிக்க வேண்டும்.

செய்முறையைப் புதிதாக வகுக்க வேண்டியதில்லை. ஃபொராமினிஃபெரா வழிக் கண்காணிப்புக்கான ஆய்வாளர் குழுவான ஃபோபிமோ 2012இல் வெளியிட்ட பரிந்துரை, வண்டலின் மேல் 1 செ.மீ. அடுக்கை எடுத்து 125 மைக்ரோமீட்டர் சல்லடையில் அலசவும், ஓரிடத்தில் மூன்று மாதிரிகள் எடுக்கவும் சொல்கிறது. உயிருள்ளவற்றைப் பிரித்தறிய 1952 முதல் ரோஸ் பெங்கால் சாயம் பயன்பட்டு வருகிறது. அண்மையில் இறந்தவையும் அச்சாயத்தை ஏற்பதுண்டு என்பதை எண்ணுபவர் நினைவில் கொள்ள வேண்டும்.

நான் கோருவது, வரம்புகளைத் திருத்துமுன் ஒவ்வொரு கழிமுகத்திலும் ஆலைக்கு முந்தைய அடுக்கைத் தொடும் ஆழத்துக்கு ஓர் உருளையேனும் எடுத்து, உலோகத்தையும் ஓடுகளையும் ஒருசேர அளந்து, எஞ்சிய சேற்றைப் பாதுகாத்து வையுங்கள் என்பதே. தூர்வாரத் திட்டமிட்டுள்ள துறைமுகங்களில் இதை முதலில் செய்யுங்கள். இயந்திரம் இறங்கிவிட்டால் அடுக்குகள் கலைந்துவிடும், பின்னர் அந்த இடத்தின் இயல்பு நிலையை அங்கே தேட முடியாது.

இப்படிக்கு,
கடலடி வண்டல் ஆய்வில் ஈடுபட்டுள்ள ஒருவர்