கோழிக்கூண்டில் வரித்தலை வாத்து

ஐயா,

கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துப் பக்கம் அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். கோழிக்கூண்டுக்குள் ஒரு வரித்தலை வாத்து. வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்புப் பட்டை. தூண்டில் நரம்பு சுற்றிக் கால் வீங்கி வயலில் கிடந்ததாம். மஞ்சள் பற்றுப் போட்டு, ஒரு மாதமாகக் குருணை வைக்கிறார்கள். கால் தேறிவிட்டது. "பிள்ளை மாதிரி பழகிட்டு" என்கிறார் அத்தை.

நல்ல மனசுதான். ஆனால் 1972ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 39ஆம் பிரிவுப்படி, இப்படிக் கைக்கு வரும் பறவை அரசின் சொத்து. 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வனத்துறையிலோ சொல்லிவிட வேண்டும். 2023இல் உத்தரப் பிரதேசத்தில் அடிபட்ட சாரஸ் கொக்கைக் காப்பாற்றி வளர்த்தவர் மீது வழக்கே பாய்ந்தது. கொக்கு கான்பூர் உயிரியல் பூங்காவுக்குப் போனது.

அந்தச் செய்தியைச் சொன்னதும் அத்தைக்குப் பயம். சொன்னால் கேஸ், சொல்லாவிட்டாலும் கேஸா என்கிறார். தாமதமாகச் சொன்னாலும், அடிபட்ட பறவையைக் காப்பாற்றியவர்களை மிரட்டாமல் வனத்துறையினர் அதை வாங்கிக்கொள்ள வேண்டும். சரணாலயத்தைச் சுற்றியுள்ள ஊர் டீக்கடைகளில் வனத்துறையின் தொலைபேசி எண்ணையும் எழுதி வைக்கட்டும். இமயத்தைத் தாண்டிப் போக வேண்டிய பறவை அது; கூட்டம் கிளம்பும் நாளும் நெருங்குகிறது.

– வாசகர், திருநெல்வேலி