கேஷ்பேக் கணக்கை மாதக் கணக்கறிக்கையில் விளக்கமாக அச்சிட வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பேரங்காடி நுழைவாயிலில் மேசை போட்டுக் கடன் பற்று அட்டைக்கு ஆள் சேர்ப்பவர்களின் வாயில் முதலில் வரும் சொல் '5 விழுக்காடு கேஷ்பேக்' என்பதுதான். சென்ற மாதம் என் தம்பி மகள் அப்படியொரு மேசையிலிருந்து படிவத்தை வாங்கி வந்து, "பெரியப்பா, மாதம் 1,500 ரிங்கிட் செலவு செய்தால் 75 ரிங்கிட் திரும்பக் கிடைக்குமாம். கையெழுத்துப் போடலாமா?" என்று கேட்டாள். முப்பது ஆண்டுகள் கடைகளுக்குக் கணக்கு எழுதிப் பிழைத்தவன் என்பதால் வாயால் பதில் சொல்லாமல், அதே வகையைச் சேர்ந்த என் அட்டையின் மாதக் கணக்கறிக்கையை எடுத்து அவள் முன் விரித்தேன். அன்று நாங்கள் இருவரும் பென்சிலால் போட்ட கணக்கைத் தங்கள் வாசகர்களும் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இக்கடிதம்.

அந்த மாதம் நான் அட்டையில் தேய்த்தது 1,650 ரிங்கிட். வண்டி எண்ணெய்க்கு (பெட்ரோல்) 320, மளிகைக்கு 640, மின்சாரமும் தண்ணீரும் சேர்த்து 210, மற்றவை 480. எண்ணெய், மளிகை, பயன்பாட்டுக் கட்டணம் ஆகிய மூன்றுக்கும் 5 விழுக்காடு, மீதிக்கு 0.2 விழுக்காடு, மாதச் செலவு 1,500 ரிங்கிட்டைத் தாண்ட வேண்டும் என்பது அட்டையின் நிபந்தனை. விளம்பரத்தை மட்டும் படித்தவர் 1,170 ரிங்கிட்டுக்கு 5 விழுக்காடாகிய 58 ரிங்கிட் 50 சென் கிடைக்கும் என்று எதிர்பார்ப்பார். வந்ததோ 31 ரிங்கிட் 92 சென். மொத்தச் செலவில் இது 2 விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை.

மீதி எங்கே போயிற்று என்பதுதான் விஷயம். ஒவ்வொரு பிரிவுக்கும் மாதம் 15 ரிங்கிட் என்று ஓர் உச்சவரம்பு இருக்கிறது. 5 விழுக்காட்டில் 15 ரிங்கிட்டைச் சேர்க்க 300 ரிங்கிட் செலவு போதும். அதற்குமேல் எவ்வளவு எண்ணெய் ஊற்றினாலும் அந்தப் பிரிவில் ஒரு சென்னும் கூடாது. எனவே எண்ணெயில் எனக்குக் கிடைக்க வேண்டிய 16 ரிங்கிட் 15 ஆகிவிட்டது. மளிகையில் நடந்தது வேறு. நமக்கு மளிகைக் கடையாகத் தெரிவது வங்கிக்கு ஒரு நான்கு இலக்கக் குறியீட்டு எண். மளிகைக் கடைக்கும் சூப்பர்மார்க்கெட்டுக்கும் 5411, எண்ணெய் நிலையத்துக்கு 5541, துணிமணியிலிருந்து பாத்திரம்வரை விற்கும் பெரிய கடைக்கு 5311 என்று ஒவ்வொரு வணிகத்துக்கும் எண் உண்டு. கடைக்கு அட்டை இயந்திரம் கொடுக்கும் தரப்பு, கடைக்காரர் பதிந்துள்ள தொழிலைப் பார்த்து அதை ஒதுக்குகிறது. நான் அரிசியும் பருப்பும் மசாலையும் வாங்கும் கடை, பாத்திரமும் பூசைச் சாமானும் விற்பதனாலோ என்னவோ, வேறோர் எண்ணில் இருக்கிறது. அங்கு நான் வாங்கிய 270 ரிங்கிட் சாமான் வங்கியின் கண்ணில் மளிகை ஆகவில்லை. எஞ்சிய 370 ரிங்கிட்டுக்கு 18 ரிங்கிட் 50 சென் வர வேண்டும். உச்சவரம்பு அதையும் 15 ஆக்கியது. மின்சாரக் கட்டணத்தையும் தண்ணீர்க் கட்டணத்தையும் ஒரு கைப்பேசிச் செயலி வழியாகச் செலுத்தியது என் தவறு. செயலி நிறுவனத்தின் எண்ணில் பதிவாகி, 210 ரிங்கிட்டுக்குக் கிடைத்தது 42 சென். குறியீடு மாறிய 270 ரிங்கிட்டையும் சேர்த்து மற்ற செலவு 750 ரிங்கிட் ஆயிற்று. அதற்கு ஒன்றரை ரிங்கிட். கூட்டிப் பாருங்கள், 31.92 சரியாக வரும்.

இதற்கு முந்தைய மாதக் கதை இன்னும் வேடிக்கை. கணக்கறிக்கை முடிவதற்கு இரண்டு நாள் முன்பு எண்ணெய் ஊற்றி, 1,500 ரிங்கிட்டைத் தாண்டிவிட்டேன் என்று நிம்மதியாக இருந்தேன். நான் பணம் கட்டிய நாள் ஒன்று, அது வங்கிக் கணக்கில் பதிவாகிய நாள் வேறொன்று. இடையில் வார இறுதி வந்ததால், அந்த 60 ரிங்கிட் அடுத்த மாதக் கணக்கில் போய் உட்கார்ந்துகொண்டது. முந்தைய மாதம் 1,480 ரிங்கிட்டில் முடிந்து, 20 ரிங்கிட் குறைவால் 5 விழுக்காடு முழுவதும் கைவிட்டுப் போயிற்று. இப்படித் தவறிவிடுமோ என்று பயந்து மாதக் கடைசியில் தேவையில்லாத பிஸ்கட் டின்னும் சோப்பும் வாங்கிக் குவிப்பவர்களை நான் அறிவேன். அடுத்த வாரத்து அரிசியை இந்த வாரம் வாங்குவதில் தவறில்லை. வாங்கவே வேண்டாத பொருளை 40 ரிங்கிட் கொடுத்து வாங்கி 30 ரிங்கிட் கேஷ்பேக் பெறுவதை லாபம் என்று சொல்ல என் பேனா மறுக்கிறது.

அப்படியானால் இந்த அட்டை வேண்டாமா என்று தம்பி மகள் கேட்டாள். மாதந்தோறும் முழுத் தொகையையும் கெடுவுக்குள் கட்டுபவருக்கு அது இலவசப் பணம்தான். நானும் ஆண்டுக்கு 300 ரிங்கிட்டுக்குமேல் பெறுகிறேன். ஒவ்வோர் அட்டைக்கும் ஆண்டுக்கு 25 ரிங்கிட் சேவை வரி கட்டிய பிறகும் அது கையில் நிற்கிறது. (துணை அட்டைக்கும் அதே 25 ரிங்கிட் உண்டு என்பதை, மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் ஆளுக்கொன்று எடுத்துக் கொடுக்கும் குடும்பத் தலைவர்கள் கவனிக்க வேண்டும்.) ஆனால் பாக்கி வைப்பவருக்குக் கணக்கு தலைகீழாகிவிடும். தவணை தவறாமல் குறைந்தபட்சத் தொகையைக் கட்டி வருபவருக்கு ஆண்டுக்கு 15 விழுக்காடு, இடையிடையே தவறுபவருக்கு 17, அதற்கும் மேல் தவறுபவருக்கு 18 என்று வட்டி மூன்று படிகளாக இருக்கிறது. 2,000 ரிங்கிட் பாக்கியை 18 விழுக்காட்டில் ஒரே ஒரு மாதம் சுமந்தால் வட்டி ஏறக்குறைய 30 ரிங்கிட். மேலே பென்சிலால் கூட்டிய கேஷ்பேக் அப்படியே அதற்குச் சரியாகிவிடும். பாக்கி நிற்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கு வட்டியில்லாக் காலமும் பொதுவாகக் கிடையாது. கெடு தப்பினால் பாக்கியில் 1 விழுக்காடு அல்லது 10 ரிங்கிட், இரண்டில் எது அதிகமோ அது, தாமதக் கட்டணமாகச் சேரும்.

கடைப் பக்கமும் ஒன்று உண்டு. அட்டையை ஏற்கும் கடைக்காரர் ஒவ்வொரு விற்பனையிலும் ஒரு பங்கை வங்கித் தரப்புக்குக் கொடுக்கிறார். கேஷ்பேக்கின் ஊற்றுகளில் அதுவும் ஒன்று. சில கடைகள் அதை நம் தலையிலேயே கட்டுகின்றன. நகை வாங்கப் போன ஓரிடத்தில், 4,000 ரிங்கிட் வளையலுக்கு "ரொக்கம்னா இந்த விலை, கார்டுன்னா 2 விழுக்காடு கூடும்" என்றார்கள். 80 ரிங்கிட் அதிகம் கொடுத்து 8 ரிங்கிட் கேஷ்பேக் வாங்கவா என்று கேட்டுவிட்டு ரொக்கமாகக் கட்டினேன்.

தம்பி மகளின் சம்பளம் 2,600 ரிங்கிட். வாடகையும் மோட்டார் சைக்கிள் தவணையும் அட்டையில் போகாதவை. இந்த நிலையில் 1,500 ரிங்கிட்டைத் தாண்டுவதற்கு, சம்பளத்தில் பாதிக்குமேல் அட்டையிலேயே ஓட வேண்டும். ஆண்டு வருமானம் 36,000 ரிங்கிட்டோ அதற்குக் கீழோ உள்ளவர்களுக்கு இரண்டு வங்கிகளின் அட்டை மட்டும், ஒவ்வொன்றிலும் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேற்படாத கடன் வரம்பு என்று நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2011ஆம் ஆண்டிலேயே கட்டுப்பாடு விதித்தது, இளையோர் கடனில் மூழ்கிவிடக் கூடாது என்றுதான். குறைந்த வருமானக்காரரை அதிகம் செலவழித்தால்தான் பரிசு என்று அழைக்கும் நிபந்தனை, அந்தக் கட்டுப்பாட்டின் நோக்கத்துக்கு நேர் எதிராகப் போவதாக எனக்குப் படுகிறது.

வங்கிகளுக்கு என் கோரிக்கை பெரிதல்ல. நிபந்தனைகள் எல்லாம் விவரத் தாளில் இருக்கின்றன என்ற பதிலை நான் ஏற்பதற்கில்லை. மாதக் கணக்கறிக்கையில் கேஷ்பேக் ஒரே வரியில் ஒரே தொகையாக வருவதால், எந்தச் செலவு எந்தப் பிரிவில் சேர்ந்தது, எது ஏன் விலக்கப்பட்டது என்று வாடிக்கையாளர் தானாகக் கண்டுபிடிக்க வழியில்லை. என் மசாலைக் கடை விவகாரத்தை அறிய நான் வாடிக்கையாளர் சேவை எண்ணில் இரண்டு முறை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஒவ்வொரு செலவின் எதிரிலும் அதன் பிரிவையும், கீழே அந்த மாதத்தின் மொத்தச் செலவில் கேஷ்பேக் எத்தனை விழுக்காடு என்பதையும், அதே மாதம் வசூலித்த வட்டியையும் கட்டணங்களையும் பக்கத்துப் பக்கமாக அச்சிட வேண்டும். எல்லா எண்ணும் வங்கியின் கணினியில் ஏற்கெனவே இருக்கிறது. பேங்க் நெகாரா இதைக் கட்டாயமாக்கலாம். நம் பயனீட்டாளர் சங்கங்களும் இதற்காகக் குரல் கொடுக்கலாம்.

தம்பி மகள் படிவத்தைக் கிழிக்கவில்லை. குறைந்தபட்சச் செலவு நிபந்தனை இல்லாத, எண்ணெய்க்கு மட்டும் பயன்படும் ஓர் அட்டையைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற கணக்கர் ஒருவர்,
செந்தூல், கோலாலம்பூர்.