சாமியாராகவில்லை, நாலு நாள் பேசாமல் இருந்தேன்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நான் நலம். அம்மா, மாமா, பிள்ளைகள் எல்லோரும் நலம்தானே?

முதலில் அந்தப் போட்டோ விஷயத்தை முடித்துவிடுகிறேன். நான் கிறிஸ்தவ வேதத்துக்கு மாறவில்லை. சாமியாராகவும் போகவில்லை. வாட்ஸாப்பில் நான் வைத்த மடத்துப் படத்தைப் பார்த்துவிட்டு சித்தப்பா கீழக்குயில்குடி முழுக்கச் சொல்லிவிட்டார், அம்மா ரெண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்று நீ சொன்னபோது சிரிப்பும் வந்தது, சங்கடமாகவும் இருந்தது. போனில் இதை விளக்க முடியாது, பாதியிலேயே "சரி சரி, சாப்ட்டியா" என்று ஆரம்பித்துவிடுவாய். அதனால்தான் கடிதம். அம்மாவுக்கு நீயே வாசித்துக் காட்டு. ஒயின் வருகிற இடத்தை மட்டும் தாண்டிவிடு.

நான் போனது இங்கே ஜெர்மனியில் மரியா லாக் என்கிற இடத்துக்கு. கோப்லென்ஸிலிருந்து ரொம்பத் தூரம் இல்லை, ரயிலில் ஆண்டர்னாக், அங்கிருந்து பஸ். பெனடிக்ட் சபை என்கிற கத்தோலிக்கத் துறவிகளுடைய மடம், 1093-ல் கட்ட ஆரம்பித்தது. என்னோடு வேலை பார்க்கிற கேரளாக்காரச் சேச்சிதான் அனுப்பிவைத்தார். அப்பா போனதிலிருந்து நான் இருந்த இருப்பை அவர் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். நைட் டூட்டியில் பெரியவர்களைப் புரட்டிப் படுக்கவைப்பேன், மாத்திரை கொடுப்பேன், சிரிப்பேன், காலையில் ரூமுக்கு வந்தால் ஃப்ரிட்ஜ் ஓடுகிற சத்தம் மட்டும்தான். அந்தச் சத்தம் கேட்கக்கூடாது என்று யூடியூபில் எதையாவது ஓடவிட்டுத் தூங்குவேன். உனக்கு நான் ஒரு நாளைக்கு மூன்று தடவை போன் போட்டதற்குக் காரணமும் அதுதான், பாசம் பொங்கி வழிந்தது என்று நினைத்துவிடாதே. "உனக்கு நாலு நாள் லீவு இருக்கு, போய் அங்கே இரு, அங்கே யாரும் உன்னிடம் ஒண்ணும் கேட்க மாட்டாங்க" என்றார் சேச்சி. ஏற்கனவே பேச ஆளில்லாமல் கிடக்கிறவனைப் பேசாத இடத்துக்கு அனுப்புகிறாரே என்று எனக்கு எரிச்சல்தான். ஆனாலும் போனேன்.

பஸ்ஸை விட்டு இறங்கினால் ஆறு கோபுரம். நம் ஊர்க் கோபுரம் மாதிரி பொம்மையும் நிறமும் கிடையாது, வெறும் எரிமலைக் கல். ஏரியே எரிமலை வெடித்த பள்ளம்தானாம், சுமார் 13,000 வருஷத்துக்கு முன்னால். இப்போதும் கிழக்குக் கரையில் தண்ணீருக்குள்ளிருந்து குமிழ் குமிழாக வாயு வருகிறது. அரை மணி நேரம் குத்துக்கால் போட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். உலை கொதிப்பது மாதிரி இருக்கும், தொட்டால் ஐஸ் தண்ணீர். அந்த ஏரிக்கு இயற்கையாக வெளியே போக வழி கிடையாது, மழை கூடினால் மடத்துக்குள் தண்ணீர் வந்துவிடும் நிலைமை. அதனால் 12-ஆம் நூற்றாண்டில் ஃபுல்பர்ட் என்கிற மடத்துத் தலைவர் காலத்தில் மலையைக் குடைந்து சுரங்கம் போட்டுத் தண்ணீரை வெளியே விட்டிருக்கிறார்கள். நம் கண்மாய்க்குக் கலிங்கு மாதிரி என்று வைத்துக்கொள், ஆனால் பாறைக்குள்ளே அரை கிலோமீட்டருக்கும் மேலே. இதைக் கேட்டதும் அப்பா ஞாபகம்தான். அவர் இருந்திருந்தால் கோயிலைப் பார்க்கவே மாட்டார், நேரே அந்த மடை எங்கே என்று கேட்டுப் போயிருப்பார்.

கோயில் வாசலில் ஒரு குட்டிப் பிசாசு உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறது. கல்லில் செதுக்கியது. உள்ளே போகிற ஜனங்களின் பாவத்தையெல்லாம் குறித்துவைக்கிறதாம். நம்மூரில் சித்ரகுப்தனுக்குக் கணக்குப்பிள்ளை மரியாதையாவது உண்டு, இங்கே அந்த வேலையையும் பிசாசிடமே கொடுத்துவிட்டார்கள்.

விருந்தாளிகளைக் கவனிக்கிற ஃபாதர் ஒருவர் இருக்கிறார். நான் மதுரை என்றதும், குளித்தலை பக்கத்தில் காவிரிக்கரையில் எங்கள் சபைக்காரர்கள் ஆசிரமம் இருக்கிறதே, தெரியுமா என்று கேட்டார். எனக்குத் தெரியாது. தண்ணீர்ப்பள்ளி சாந்திவனமாம், 1950-ல் ரெண்டு பிரெஞ்சுப் பாதிரியார்கள் தொடங்கியது, அதில் ஒருவர் பெனடிக்ட் சபைத் துறவி, நம் சாமியார்கள் மாதிரி காவி கட்டி இருந்தார்களாம். நம்ம ஊரிலிருந்து மூணு மணி நேரத்தில் போகிற இடத்தைப் பற்றி ஜெர்மனியில் வந்து கேட்டுத் தெரிந்துகொள்கிறேன் பார். அப்புறம் தயங்கித் தயங்கி, நான் உங்கள் மதம் இல்லையே, பரவாயில்லையா என்றேன். அந்தச் சபைக்குப் பெயர் தந்த பெனடிக்ட் எழுதிவைத்த விதிப் புத்தகத்தில் வருகிற விருந்தாளி யாரானாலும் கிறிஸ்துவே வந்ததாக நினைத்து ஏற்கச் சொல்லியிருக்கிறது, மதம் பார்த்து ஏற்கச் சொல்லவில்லை என்று சொல்லிவிட்டுச் சாவியைக் கையில் கொடுத்தார். அவ்வளவுதான். அதற்குமேல் ஒரு கேள்வி இல்லை.

அந்தப் புத்தகத்தை நானும் வாங்கிப் படித்தேன். 530 வாக்கில் இத்தாலியில் எழுதியது, 73 அதிகாரம், ஆனால் சின்னப் புத்தகம்தான். பெரிய தத்துவம் இருக்கும் என்று நினைத்தால், சாப்பாட்டுக்கு வேகவைத்தது ரெண்டு வகை போதும், லேட்டாக வந்தவனை என்ன செய்வது, கதவு திறக்க வயசான நிதானமான ஆளைப் போடு என்று நம் அம்மாச்சி பேசுகிற மாதிரியே போகிறது. (இங்கேதான் ஒயின். துறவிகளுக்கு ஒயினே ஆகாது, ஆனால் இந்தக் காலத்துத் துறவிகளிடம் அதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது, அதனால் அளவோடு குடிக்கட்டும் என்று எழுதியிருக்கிறார். மாமாவிடம் தப்பித்தவறிக்கூடச் சொல்லிவிடாதே, பிடித்துக்கொள்வார்.)

காலை ஐந்தரைக்கே முதல் ஜெபம். மார்கழியில் அம்மாச்சி நம்மை நாலு மணிக்கு எழுப்பித் தலைக்கு ஊற்றிவிடுமே, அந்த எரிச்சலோடேயே போய் உட்கார்ந்தேன். கறுப்பு அங்கி போட்ட துறவிகள் எதிரும் புதிருமாக ரெண்டு வரிசை. திருப்பாடல்களை இந்த வரிசை ஓர் அடி, அந்த வரிசை ஓர் அடி என்று மாற்றி மாற்றிப் பாடுகிறார்கள். ஒவ்வோர் அடிக்கும் நடுவில் நிறுத்துகிறார்கள், அக்கா. ஒரு மூச்சு நேரம். எனக்கு அது தெரியாது. புத்தகத்தைப் பார்த்து ஆர்வமாக நானும் பாடினேன், எல்லோரும் நிறுத்திய இடத்தில் என் குரல் மட்டும் தனியாக, அதுவும் என் ஜெர்மன் உச்சரிப்பில், அவ்வளவு பெரிய கோயிலில் எதிரொலித்தது. பக்கத்தில் இருந்த பாட்டி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மறுநாளும் அப்படியே ஆனது. மூன்றாம் நாள்தான் அந்த இடைவெளி எனக்குப் பிடிபட்டது. எண்ணிக்கொண்டு நிறுத்துவதில்லை, பக்கத்தில் இருப்பவர்கள் மூச்சு விடுவதைக் கேட்டுத்தான் நிறுத்துகிறார்கள். அதைக் கேட்க வேண்டுமானால் நாம் கத்தக்கூடாது.

இரவு கடைசி ஜெபம் முடிந்தால் மறுநாள் காலை வரை யாரும் பேச மாட்டார்கள். விளக்கைக் குறைத்து மாதாவுக்கு ஒரு பாட்டுப் பாடி முடிக்கும்போது, நம் மீனாட்சி கோயிலில் பள்ளியறை பூஜை முடித்துக் கதவு சாத்துவார்களே, அதே மாதிரி ஒரு திருப்தி. எனக்குக் கொடுத்த அறையில் கட்டில், மேஜை, ஒரு சிலுவை, ஜன்னல். சமணர் மலையில் அப்பா நம்மை ஏற்றிவிட்டு, இங்கேதான் முனிவர்கள் இருந்தார்கள் என்று காட்டுவாரே, செட்டிப்புடவுக் குகை, அங்கே நீ தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு குளிருது என்று கத்தினாயே. அதை நினைத்துக்கொண்டேதான் தூங்கினேன். யூடியூப் இல்லாமல்.

முதல் ரெண்டு நாள் நரகம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சாப்பாட்டு மேஜையில் பக்கத்து ஆளிடம் உப்பு கேட்கக்கூட வாய் திறக்காமல் சாப்பிட்டால் நாம் மெல்லுகிற சத்தமே நமக்குப் பெரிதாகக் கேட்கும். ஆனால் கவனித்தேன், நான் கேட்காமலே உப்பு என் பக்கம் வந்தது. பேசாதவர்கள் அடுத்தவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்! என் ரூமில் இருக்கிற அமைதிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அங்கே நான் செத்துக் கிடந்தாலும் டூட்டிக்கு வரவில்லையே என்றுதான் தேடுவார்கள்.

மூன்றாம் நாள் நடந்ததைச் சொல்லத்தான் இவ்வளவு நீட்டினேன்.

விருப்பம் இருந்தால் தோட்டத்தில் வேலை செய்யலாம் என்றார்கள். எனக்கு விட்டால் போதும் என்று இருந்தது. எழுபது வயசுக்கு மேல் இருக்கும் ஒரு பிரதர், அவரோடு சேர்ந்து ஒரு பாத்தியைக் கொத்திவிட்டேன். வேலை முடிந்ததும் மண்வெட்டியை அப்படியே சுவரில் சாத்திவிட்டு வந்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் அதை எடுத்தார். ஒரு குச்சியால் மண்ணைச் சுரண்டினார், வாளித் தண்ணீரில் கழுவினார், இடுப்பில் சொருகியிருந்த துணியால் தகட்டின் முன்பக்கம், பின்பக்கம், பிடி சேருகிற அந்தப் பூண் இடுக்கு வரைக்கும் துடைத்து, ஆணியில் மாட்டினார். பிறகு என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, கொப்புளம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போய்விட்டார். மடத்துக் கருவிகளையெல்லாம் பலிபீடத்துப் பாத்திரம் மாதிரி நடத்த வேண்டும் என்று அந்த விதிப் புத்தகத்தில் 31-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அதை நான் அன்று ராத்திரிதான் படித்தேன்.

அப்பா வாய்க்காலில் இறங்கி மண்வெட்டி கழுவுவதை நாம் எத்தனை தடவை பார்த்திருக்கிறோம். காலைக் கழுவுவதற்கு முன்னால் அதைக் கழுவுவார். பிறகு வேட்டி முந்தியால் துடைப்பார், அம்மா திட்டும். விசா புதுப்பிக்கக் கொடுத்திருந்த நேரம் என்று காரியத்துக்கு வர முடியாமல், நீ வீடியோ காலில் காட்டியதைப் பார்த்துக்கொண்டு, சிக்னல் போய்ப் போய் வர, உடனே டூட்டிக்குக் கிளம்பினேன் இல்லையா. அன்றைக்கு அழவில்லை, அதற்கப்புறம் இந்த ஏழு மாசமும் அழவில்லை. அந்தத் தோட்டத்துக் கொட்டகையில், யாரோ ஒரு வெள்ளைக்காரத் தாத்தா மண்வெட்டி துடைத்து மாட்டிவிட்டுப் போன பிறகு, உரமூட்டை மேல் உட்கார்ந்து அழுதேன். மத்தியான ஜெபத்துக்கு மணி அடித்தது, முகத்தைக் கழுவிக்கொண்டு போனேன். அன்றைக்கு நிறுத்தவேண்டிய இடத்தில் சரியாக நிறுத்தினேன்.

அந்தப் போட்டோ அன்று சாயங்காலம் எடுத்தது. அதைத்தான் சித்தப்பா பார்த்தது.

இந்த மாசப் பணம் திங்கட்கிழமை போட்டுவிடுகிறேன், பாப்பாவுக்கு ஸ்கூல் பீஸ் போக மீதியை அம்மா கண் டாக்டரிடம் போவதற்கு வை. பாலீஷ் போட்டுத் தருகிறேன் என்று சித்தப்பா அப்பாவின் மண்வெட்டியை எடுத்துப் போனதாக நீ ஒரு தடவை சொன்னாய். அதைத் திரும்ப வாங்கி வை. பாலீஷெல்லாம் வேண்டாம். கழுவித் துடைத்து, பின்கட்டில் அது மாட்டியிருந்த ஆணியிலேயே மாட்டு. தை மாசம் வருகிறேன்.

அன்புடன்,
தம்பி