சுற்றுச்சூழல் குழுவின் புதுச் செயலாளருக்கு

கிறிஸ்துவுக்குள் அன்பான தங்கைக்கு, ஸ்தோத்திரம்.

சபைக் கூட்டத்தில் உன் பெயரைச் சொன்னதும் எல்லாரும் கை தட்டினார்கள் என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம். இந்தக் குழு என்றால் செப்டம்பரில் மரக்கன்று நடுவதும், அதைப் படமெடுத்துச் சபை இதழில் போடுவதும்தான் வேலை என்று பாதிப்பேர் நினைக்கிறார்கள். மீதிப்பேருக்கு இப்படி ஒரு குழு இருப்பதே தெரியாது. உன்னிடம் நேரில் சொல்லலாம்தான். ஆனால் வேறு சபைகளில் இதே பொறுப்பில் இருப்பவர்களும் வாசிக்கட்டுமே என்று பொதுவில் எழுதுகிறேன்.

மரம் நடுவதை நான் குறை சொல்லவில்லை. 1989-இல் ஆர்த்தடாக்ஸ் முதுபெரும் தந்தை திமெத்ரியோஸ் செப்டம்பர் 1-ஐப் படைப்புக்காக ஜெபிக்கும் நாளாக அறிவித்தார். 2015-இல் போப் பிரான்சிஸ் கத்தோலிக்கர்களுக்கும் அதே நாளை வைத்தார். இப்போது பல சபைகள் அன்று தொடங்கி அக்டோபர் 4, அசிசி பிரான்சிஸின் திருநாள் வரை அனுசரிக்கின்றன. நல்ல வழக்கம். அப்புறம் அக்டோபர் 5 அன்று என்ன செய்கிறோம் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

நான் உன்னிடம் கேட்பது ஒன்றுதான். நம் சபையில் சேரும் குப்பை எங்கே போகிறது, அது போய்ச் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் யார் குடியிருக்கிறார்கள்? உன் வேலையை அங்கிருந்து தொடங்கு.

அமெரிக்காவில் வட கரோலினாவின் வாரன் கவுண்டியில் நடந்ததை உனக்குச் சொல்லியிருக்கிறேனா? 1978-இல் பிசிபி என்ற நச்சு ரசாயனம் கலந்த கழிவு எண்ணெயை அந்த மாநிலத்தில் சுமார் 240 மைல் தூரத்துக்குச் சாலையோரங்களில் திருட்டுத்தனமாக ஊற்றிவிட்டுப் போய்விட்டார்கள். நஞ்சேறிய மண்ணைச் சுரண்டியெடுத்துப் புதைக்க மாநில அரசு தேர்ந்தெடுத்த இடம், வாரன் கவுண்டியில் இருந்த ஆஃப்டன் என்ற ஊர். கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த ஏழைப் பகுதி. நிலத்தடி நீர் கொஞ்ச ஆழத்திலேயே இருந்தது. ஜனங்கள் குடித்ததும் கிணற்றுத் தண்ணீர்தான். 1982 செப்டம்பரில் லாரிகள் வரத் தொடங்கியபோது கோலி ஸ்பிரிங்ஸ் பாப்டிஸ்ட் சபையிலிருந்து ஊர்வலம் கிளம்பியது. லாரிகளை மறித்துச் சாலையிலேயே படுத்தார்கள். ஆறு வாரம் போராட்டம், 500-க்கும் மேற்பட்டோர் கைது. அப்படியும் மண் வந்து இறங்கியது.

எனக்குப் பிடித்தது அதற்கப்புறம் நடந்ததுதான். போராட்டத்தில் கைதானவர்களில் யுனைட்டட் சர்ச் ஆஃப் கிறைஸ்ட் சபையின் பெஞ்சமின் சாவிஸும் ஒருவர். அந்தச் சபையின் இன நீதி ஆணையம், நச்சுக் கழிவுக் கிடங்குகள் எங்கெங்கே இருக்கின்றன, அவற்றைச் சுற்றி யார் வாழ்கிறார்கள் என்று அஞ்சல் குறியீட்டு எண் வாரியாக நாடு முழுக்கக் கணக்கெடுத்து 1987-இல் வெளியிட்டது. வருமானத்தைவிட நிறமும் இனமும்தான் கிடங்கு எங்கே வரும் என்பதைக் காட்டின. அதே ஆணையம் முன்னின்று நடத்திய 1991 வாஷிங்டன் மாநாட்டில்தான் சுற்றுச்சூழல் நீதிக்கான 17 கொள்கைகள் எழுதப்பட்டன. 1994-இல் சுற்றுச்சூழல் நீதி பற்றி அதிபர் கிளிண்டனின் ஆணையும் வந்தது. ஆஃப்டன் மண்ணைச் சுத்திகரித்து முடிக்க 2003 ஆனது. ஜெபக்கூட்டம் நடத்தத் தெரிந்த ஒரு சபை உட்கார்ந்து புள்ளிவிவரமும் எடுத்தது, பார்.

நாம் செய்ததும் அதன் சின்னப் பிரதிதான். குப்பைக் கிடங்கை ஒட்டிய குடியிருப்புப் பெண்கள் முதல் தடவை சபை மண்டபத்துக்கு வந்தபோது, நம் ஆட்கள் முன்வரிசையில் உட்கார்ந்துகொள்ள, அவர்கள் பின்னால் சுவரோரம் நின்றார்கள். ஆயர் ஒரு வார்த்தை பேசவில்லை. நாற்காலிகளை இழுத்து வட்டமாகப் போட்டார். அதன் பிறகுதான் அவர்கள் வாயைத் திறந்தார்கள். பகலில் கிடங்கில் ஒன்றும் தெரியாதாம். இரவில்தான் கொளுத்துகிறார்கள், ஜன்னலை மூடினால் புழுக்கம், திறந்தால் பிள்ளைகளுக்கு இருமல். “எங்களுக்கு மரக்கன்று வேண்டாம்மா, ராத்திரி தூங்கினால் போதும்” என்றார் ஒருவர்.

அப்புறம் வீட்டுக்கொரு நோட்டு கொடுத்தோம். தேதி, புகை தொடங்கிய நேரம், அடங்கிய நேரம், காற்று எந்தப் பக்கம் வீசியது, யாருக்கு மூச்சுத்திணறல் வந்தது. அவ்வளவுதான் எழுத வேண்டியது. வாய்வார்த்தையாகப் போய்ச் சொன்னபோது காதில் போட்டுக்கொள்ளாத அலுவலகம், நோட்டுகளை மேஜைமேல் வைத்ததும் உட்காரச் சொன்னது. கட்டடம், படித்த நாலு பேர், கையெழுத்து போட்டால் மதிக்கப்படுகிற ஒரு ஆயர் என்று சபையிடம் இருப்பதை அவர்களுக்கு இரவல் கொடுக்க முடிகிறதே, அது பெரிய விஷயம். பேசுவது மட்டும் அவர்களாகவே இருக்கட்டும்.

இன்னொன்று. அங்கே போகும்போது சுவிசேஷக் கைப்பிரதி எடுத்துக்கொண்டு போகாதே. அந்தத் தெருவில் எல்லா மதத்தாரும் இருக்கிறார்கள். புகைக்கு வழி கேட்கிறவர்களிடம் நாம் ஆத்தும ஆதாயம் தேடி, மதம் மாற்ற வந்திருக்கிறோம் என்ற சந்தேகம் வந்துவிட்டால் வேலை அன்றோடு சரி.

கமிட்டியில் ஒருவராவது எழுந்து “இது அரசியல், சபைக்கு எதற்கு?” என்பார். சண்டை போடாதே. நாபோத்தின் திராட்சத்தோட்டத்தை வாசித்துப் பார்க்கச் சொல். குடிமகன் ஒருவனின் பிதிரார்ஜித நிலம், அதன்மேல் கண் வைத்த ராஜா, பொய்ச்சாட்சி, கொலை. அங்கே எலியா தீர்க்கதரிசி அந்த ராஜா ஆகாபின் முன்னால் போய் நின்றது நிலத்துக்காகவும் ரத்தத்துக்காகவும்தான். அதை அரசியல் என்று விட்டுவிட்டால் வேதத்தில் பாதிப் பக்கத்தைக் கிழிக்க வேண்டியிருக்கும்.

சபையின் வைப்பு நிதி எங்கே முதலீடாகிறது என்று பொருளாளரிடம் கேட்டுவை. உலகத் திருச்சபைகள் மன்றம் 2014-லேயே நிலக்கரி, எண்ணெய் போன்ற புதைபடிவ எரிபொருள்களில் தன் பணம் போகாது என்று முடிவெடுத்துவிட்டது. நம் ஆட்கள் உடனே ஒத்துக்கொள்ள மாட்டார்கள். பரவாயில்லை, கேள்வி குறிப்பேட்டில் பதிவாகட்டும். ஆராதனைக்குப் பின் தூக்கியெறியும் கோப்பைகளை நிறுத்த வாலிபர் சங்கமே போதும், அதற்கு நீ மெனக்கெட வேண்டாம்.

முதல் கூட்டத்தை ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வைக்காதே. அது நமக்கு வசதியான நேரம். அந்தப் பெண்கள் எப்போது வேலை முடிந்து திரும்புகிறார்கள் என்று கேட்டுவிட்டு வை. நோட்டுகளும் மனு நகல்களும் உள்ள கோப்பு ஆயரிடம் இருக்கிறது, வாங்கிக்கொள். கடைசி மனுவுக்கு இன்னும் பதில் வரவில்லை. முதலில் அதைக் கவனி.

அன்புடன்,
உன் அக்கா