மெடலுக்கு முன்னால் ஒரு காகிதம்

அன்பு மகளே,

யூனிட்டில் சேர்ந்துவிட்டதாக நீ அனுப்பிய செய்தி கிடைத்தது. நம் வீட்டிலிருந்து பீரங்கிப் படைக்குப் போகும் முதல் ஆள் நீதான். தாத்தாவும் நானும் காலாட்படை. அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி மையத்தில் உன் தோளில் நாங்கள் நட்சத்திரம் குத்தியபோது, "ஒரு நாள் நெஞ்சில் மெடலும் ஒன்று வரும், பாருங்கள் அப்பா" என்றாய். அம்மா சிரித்தாள். என்னால் முடியவில்லை. போர்க்களத்துக்கான நம் நாட்டின் மிக உயர்ந்த விருதான பரம் வீர் சக்ரா இதுவரை 21 பேருக்குக் கிடைத்திருக்கிறது. அவர்களில் 14 பேர் அதைக் கண்ணால் பார்க்கவில்லை; இறந்த பிறகுதான் கொடுத்தார்கள். அம்மாவுக்கு இந்தக் கணக்கு தெரியாது, எனக்குத் தெரியும். போனில் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவாய் என்றுதான் எழுதுகிறேன்.

நீ அணிவகுத்து நடந்த மைதானத்துக்கு, அந்த 14 பேரில் ஒருவரான மேஜர் ராமசாமி பரமேஸ்வரனின் பெயர் வைத்திருக்கிறார்கள். அவரும் அங்கே பயிற்சி பெற்று 1972-ல் அதிகாரியானவர். 1987 நவம்பர் 25 இரவு, இலங்கையில் தேடுதல் முடிந்து திரும்பும் வழியில் அவருடைய குழு பதுங்கித் தாக்கப்பட்டது. மார்பில் குண்டு பாய்ந்த பிறகும், சுட்டவனின் துப்பாக்கியைப் பிடுங்கி அவனைச் சுட்டார். உயிர் பிரியும்வரை தன் ஆட்களுக்கு உத்தரவு கொடுத்துக்கொண்டே இருந்தார். அந்தப் போர் தமிழருக்குத் தந்த காயம் பெரிது. அதை மறந்து நான் இதைச் சொல்லவில்லை. கடைசிவரை உத்தரவு கொடுத்தார் என்பது நமக்கு எப்படித் தெரிந்தது என்று மட்டும் யோசித்துப் பார். காதால் கேட்ட ஜவான்கள் உயிரோடு திரும்பி வந்து சொன்னார்கள், யாரோ ஒருவர் உட்கார்ந்து அதை எழுதினார்.

அப்படி எழுதுகிற மேசையில்தான் என் சர்வீஸ் கழிந்தது. காஷ்மீரில் ஒரு கூடாரம், முந்தின இரவு மோதல். டைப்ரைட்டரில் கார்பன் தாள் செருகி உட்கார்ந்திருக்கிறேன். எதிரே இரு கைகளிலும் கட்டுப் போட்ட ஒரு ஜவான். கூடப் போன தோழன் இறந்துவிட்டான். என்ன நடந்தது என்று கேட்டால், "முன்னால் போனான் சாஹிப்" என்பதற்கு மேல் அவனுக்கு வார்த்தை வரவில்லை. கம்பெனி கமாண்டர் உன்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவராக இருந்திருப்பார். டீ வரவழைத்து, தம்ளரைத் தன் கையாலேயே பிடித்து அவனைக் குடிக்கவைத்தார். பிறகு நிதானமாகக் கேட்டார். நீ வாசலுக்கு எந்தப் பக்கம் நின்றாய்? அவன் விழுந்த பிறகு அசைந்தானா? எந்தப் பக்கம் போனான்? விழுந்தவன் ஜன்னல் வரை தவழ்ந்துபோய், அங்கிருந்தபடியே சுட்டுக்கொண்டிருந்ததால்தான் மற்ற இருவரும் வெளியே வர முடிந்தது என்ற செய்தி கடைசியில்தான் வெளிவந்தது. கட்டுக்கு வெளியே தெரிந்த கட்டைவிரலால் அந்த ஜவான் ரேகை வைத்தான். இறந்துபோன பையனுக்குச் சேனா மெடல் கிடைத்தது.

இன்னொருவன் செய்ததும் இதற்குக் குறைந்ததில்லை. அவனுடைய அதிகாரி மாற்றலாகிப் போகிற அவசரத்தில் இரண்டு வரி எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். சைட்டேஷன், அதாவது விருதுக்காக வீரச் செயலை விவரித்து எழுதும் தாள், யூனிட்டிலிருந்து பிரிகேட், டிவிஷன், கமாண்ட், தலைமையகம், அமைச்சகம் என்று படியேறித்தான் குடியரசுத் தலைவரிடம் போக வேண்டும். விவரம் போதாது என்று பாதியிலேயே அது திரும்பி வந்துவிட்டது. அதற்குள் பார்த்தவர்கள் ஆளுக்கொரு திசையில் போயிருந்தார்கள். அவன் அப்பா யூனிட்டுக்கே வந்து, மகன் எப்படி இறந்தான் என்று கேட்டார். அவர் கையில் கொடுக்க எங்களிடம் ஒரு தாள்கூட இல்லை. எனக்கு இன்றும் அந்தக் கோபம் ஆறவில்லை.

1999 கார்கில் போரில் டைகர் ஹில் மலையில் நடந்த இரண்டு விஷயங்களையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். உடம்பெல்லாம் குண்டு பாய்ந்தும் மேலே ஏறிய கிரெனேடியர் யோகேந்திர சிங் யாதவுக்குப் பரம் வீர் சக்ரா அறிவித்தபோது, 'மறைவுக்குப் பின்' என்று சேர்த்துவிட்டார்கள். அதே பெயருடைய இன்னொரு வீரர் இறந்திருந்தார். இவரோ ஆஸ்பத்திரியில் தேறிக்கொண்டிருந்தார். 19 வயதுப் பையன். அந்த வீட்டை நினைத்துப் பார்.

அதே மலையில் பாகிஸ்தான் தரப்பில் நின்று சண்டையிட்டு இறந்தவர் கேப்டன் கர்னல் ஷேர் கான் (கர்னல் என்பது அவர் பெயர், பதவியில்லை). அவர் போரிட்ட விதத்தைக் கண்ட நம் பிரிகேடியர் எம்.பி.எஸ். பாஜ்வா, உடலைத் திருப்பி அனுப்பும்போது, இவர் மிகத் துணிச்சலாகப் போரிட்டார், உரிய மரியாதை கிடைக்க வேண்டும் என்று ஒரு சீட்டு எழுதிச் சட்டைப்பையில் வைத்தார். ஷேர் கானுக்குப் பாகிஸ்தானின் மிக உயர்ந்த வீர விருதான நிஷான்-எ-ஹைதர் கிடைத்தது. ராணுவத்தில் எழுதப்பட்ட காகிதங்களில் இதைவிடப் பெரிய ஒன்றை நான் அறியேன். நம் ஆட்களை இழந்த துக்கத்தோடுதானே அவர் அதை எழுதியிருப்பார்!

உன் பீரங்கிப் படைக்காரர்தான் ராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூர் ஹவில்தார் பழனியும். 2020 ஜூன் 15 இரவு லடாக்கின் கல்வானில், சீன ராணுவத்துடன் நடந்த மோதலில், கூர்மையான ஆயுதத்தால் தாக்கப்பட்ட பிறகும் தன் தோழர்களைக் காக்க நின்று உயிர்விட்டார். துப்பாக்கி வெடிக்காத, கைகலப்பாக நடந்த இருட்டுச் சண்டை அது. அதிலும் யார் எங்கே நின்றார் என்று பார்த்துச் சொல்ல ஆள் இருந்ததால் வீர் சக்ரா அவர் வீட்டுக்கு வந்தது; மனைவி போய் வாங்கினார்.

அதனால், உன் நெஞ்சில் என்ன வரும் என்ற நினைப்பை விட்டுவிடு, கண்ணு. நீ அதிகாரி. இனி எழுத வேண்டியவள் நீ. சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள். உன் பீரங்கியில் நிற்கும் ஒவ்வொருவரின் நம்பர், பெயர், அப்பா பெயர், ஊர் எல்லாவற்றையும் எழுத்துப் பிசகாமல் அவர்களிடமே கேட்டு எழுது. ஒரே பெயரில் இருவர் இருந்தால் அடிக்கோடு போடு. ஏதாவது நடந்தால் அன்றைக்கே எழுது, மறுநாளுக்குத் தள்ளாதே. அரைகுறையாகச் சொல்பவனிடம் பொறுமையாகக் கேள்.

ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது அந்த நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொள். யார் யார் எந்த ஊர் என்று எனக்கு வாசித்துக் காட்டு. நம் பக்கத்துப் பையன்கள் யாராவது இருந்தால் அம்மா கேட்கச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா