மருந்தளவுப் பட்டியலை அச்சிட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் ரைஃபிள் தோட்டாவை வீட்டிலேயே நிரப்பத் தொடங்குவோருக்காக நீங்கள் வெளியிட்டுவரும் தொடரின் அடுத்த பகுதியில், .308 வின்செஸ்டர் என்ற ரைஃபிள் தோட்டாவுக்கான மருந்தளவுப் பட்டியல், அதாவது எவ்வளவு வெடிமருந்துப் பவுடர் போட வேண்டும் என்ற பட்டியல், வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். தயவுசெய்து அதை அச்சிட வேண்டாம்.

பவுடரை அளப்பது கிரெயினில். 7,000 கிரெயின் சேர்ந்தால்தான் ஒரு பவுண்டு. ஒரு கிரெயின் என்பது தட்டார் தராசில் ஏறக்குறைய அரைக் குன்றிமணி. அச்சில் ஒரு 3 தவறி 8 ஆகிவிட்டால் ஐந்து கிரெயின் கூடிப்போகும். .308 போன்ற தோட்டாவில் தொடக்க அளவுக்கும் உச்ச அளவுக்கும் நடுவே இருப்பதே பெரும்பாலும் நான்கைந்து கிரெயின்தான். இந்தத் தோட்டாவுக்கு வகுத்திருக்கும் அழுத்த உச்சம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. கார் டயரில் நாம் அடிக்கும் காற்று 35 பவுண்டு. அந்த அழுத்தம் முகத்துக்கு ஒரு சாண் தொலைவில் எழுகிறது.

பெயர்க் குழப்பம் இன்னொரு பக்கம். ஐஎம்ஆர் 4831 என்று ஒரு பவுடர், ஹெச் 4831 என்று வேறொரு பவுடர். எண் ஒன்றுதான், எரியும் வேகம் வேறு. மெதுவாக எரியும் ஹெச் 4831-க்கான அளவைப் பார்த்து ஐஎம்ஆர் 4831-ஐப் போட்டால் அழுத்தம் எல்லை தாண்டும். ஆகவே அளவுகளை பவுடர், குண்டு தயாரிப்பாளர்களின் நடப்புக் கையேட்டிலிருந்தோ அவர்களின் இணையதளத்திலிருந்தோ மட்டுமே எடுக்க வேண்டும். இரண்டு இடங்களில் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, குறைவான தொடக்க அளவிலிருந்து ஆரம்பிப்பது நல்லது.

பட்டியலுக்கு ஒதுக்கிய இடத்தில் பவுடரையும் குண்டையும் தாங்கும் தோட்டாக் கூட்டைப் பற்றி எழுதுங்கள். புதியவர்கள் பவுடரைக் கண்டு பயப்படுகிறார்கள், அது நல்லதுதான். ஆனால் பித்தளைக் கூட்டை யாரும் பொருட்படுத்துவதில்லை. திரும்பத் திரும்பப் பயன்படுவது அது ஒன்றுதான், பழுது முதலில் தெரிவதும் அதில்தான்.

முதலில் கூட்டின் வாய்வழியே டார்ச் அடித்து, பிரைமர் (பவுடரைப் பற்றவைக்கும் சிறு மூடி) இருக்கும் அடிப்பகுதியைப் பாருங்கள். நடுவில் ஒரே துளை இருந்தால் பாக்ஸர் வகை, நிரப்பலாம். இரண்டு சிறு துளைகள் இருந்தால் பெர்டன் வகை. வழக்கமான டையில் (கூட்டைப் பழைய அளவுக்கு அழுத்தி, பழைய பிரைமரை ஊசியால் தள்ளும் அச்சில்) விட்டால் அதன் ஊசி உடையும். ராணுவக் கூடாக இருந்தால் பிரைமரைச் சுற்றி நசுக்கிய வளையம் இருக்கும். அதைச் சீவி எடுக்காமல் புதுப் பிரைமர் உள்ளே போகாது. ராணுவக் கூட்டின் சுவர் பல சமயம் தடிமனாக இருப்பதால் உட்கொள்ளளவு குறையும். அதே பவுடர் அளவு அங்கே அதிக அழுத்தம் தரும்.

சுத்தம் செய்த கூட்டுக்கு மசகு தடவி டையில் இறக்குவது அடுத்த வேலை. மசகு குறைந்தால் கூடு டைக்குள் சிக்கும், துளையிட்டு இழுத்துத்தான் எடுக்க வேண்டும். மசகு அதிகமானால் கூட்டின் தோளில், அதாவது கூடு வாயை நோக்கிக் குறுகும் சரிவில், பள்ளம் விழும். விரல் நுனியில் வழவழப்பு தெரிந்தால் போதும். வேலை முடிந்ததும் துடைத்துவிட வேண்டும். மசகோடு சுட்டால், கூடு ரைஃபிளில் தான் உட்காரும் அறையின் சுவரைப் பற்றாமல் வழுக்கும், உந்துதல் முழுவதும் அந்த அறையைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட்டின் மேல் விழும்.

டையைத் திருகி வைப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். கூட்டின் அடியைப் பிடித்திருக்கும் கூடுபிடியைத் தொடும்வரை திருகு, பிறகு கால் சுற்று கூட்டு என்று டைப் பெட்டித் துண்டுச்சீட்டில் இருக்கும். அப்படியே செய்தால் பல துப்பாக்கிகளில் தோள் தேவைக்கு மேல் பின்னால் போய்விடும். சுடும்போது கூடு முன்னால் நீண்டு, அடிக்குச் சற்று மேலே சுவர் மெலியும். நாலைந்து முறை இப்படி ஆனால் கூடு அங்கேயே இரண்டாகப் பிரியும். சுட்ட கூட்டின் தோளை காலிப்பர் என்ற அளவுகோலில் மாட்டும் அளவியால் அளந்து, போல்ட்டைக் கையால் இயக்கும் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் என்றால் அதிலிருந்து 0.002 அங்குலம் மட்டும் பின்தள்ளும்படி டையை வையுங்கள். மெலிவைக் கண்டுபிடிக்க ஒரு பேப்பர் கிளிப் போதும். நுனியைக் கொக்கிபோல் வளைத்து, கூட்டின் உள்சுவரில் அடியிலிருந்து மேலே இழுங்கள். எங்கேனும் தட்டினால் அந்தக் கூட்டை நசுக்கிப் போட்டுவிடுங்கள். வெளியே அதே இடத்தில் பளபளப்பான வளையம் தெரிந்தாலும் அப்படித்தான்.

.308 கூட்டின் நீளம் 2.015 அங்குலம் தாண்டக் கூடாது. தாண்டியதை 2.005-க்கு வெட்டி, வாயின் உள்ளும் புறமும் பிசிர் நீக்க வேண்டும். நீண்ட கூட்டின் வாய் அறையின் முனையில் முட்டிக் குண்டை இறுக்கிப் பிடிக்கும். குண்டு விடுபடத் தாமதமானால் அழுத்தம் ஏறும். பவுடர் சரியாக இருந்தும் போல்ட் திறக்கக் கனப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிரைமர் கூட்டின் அடிமட்டத்துக்குச் சற்றே கீழே உட்கார வேண்டும். விரலால் தடவினால் மேடு தட்டக் கூடாது. தானியங்கி வகை ரைஃபிளில் துருத்திய பிரைமர், போல்ட் மூடும்போதே வெடிக்கக்கூடும். பிரைமர்களைக் கண்ணாடிச் சீசாவில் கொட்டி வைப்பது பெருந்தவறு. ஒன்று வெடித்தால் மொத்தமும் வெடிக்கும். அவை வந்த தட்டிலேயே இருக்கட்டும், வேலை முழுக்கப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருங்கள்.

மேசையில் ஒரே ஒரு பவுடர் டப்பா. வேலை முடிந்ததும் மிச்சம் அதே டப்பாவுக்குத் திரும்ப வேண்டும். எது என்று மறந்துபோன பவுடரை எக்காரணம் கொண்டும் பயன்படுத்தக் கூடாது. தராசைத் தொடங்குமுன் எடைக்கல் வைத்துச் சரிபாருங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள். நிரப்பிய கூடுகளைப் பலகையில் வரிசையாக நிறுத்தி, மேலிருந்து டார்ச் அடித்து எல்லாவற்றிலும் பவுடர் ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று பார்த்த பிறகே குண்டைப் பொருத்தலாம். .308-இல் வழக்கமான ரைஃபிள் பவுடர் கூட்டைப் பெருமளவு நிரப்பிவிடும், இருமுறை கொட்டினால் வழிந்து காட்டிக்கொடுக்கும். இங்கே அஞ்ச வேண்டியது வெறுங்கூடு. பிரைமர் மட்டும் வெடித்து, குண்டு பேரலில் சிக்கிவிட்டால் அடுத்த குண்டு பேரலைப் பிளக்கும். சத்தம் வித்தியாசமாகக் கேட்டால் நிறுத்தி, போல்ட்டைக் கழற்றி, பேரல் வழியாக வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். கீழே சிந்திய பவுடரை வாக்யூம் கிளீனரால் எடுக்காதீர்கள், தூரிகையும் முறமும் போதும்.

பவுடர் அளவைத் தொடக்கத்திலிருந்து 0.3 அல்லது 0.4 கிரெயினாக ஏற்றி, ஒவ்வொன்றிலும் ஐந்து தோட்டா செய்யுங்கள். தட்டையான பிரைமர், கனக்கும் போல்ட், கூட்டின் அடியில் எஜெக்டர் (சுட்ட கூட்டை வெளியே தள்ளும் பாகம்) பதித்த வட்டத் தழும்பு ஆகியவை அதிக அழுத்தத்தின் அடையாளங்கள். ஆனால் இவை தெரியும்போது எல்லையைத் தாண்டி வெகுதூரம் போயிருக்கலாம். அதனால் குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் வைத்துக்கொள்வது நல்லது. கையேட்டில் உள்ள வேகத்தைவிட உங்கள் குண்டு வேகமாகப் போனால் அழுத்தமும் அதிகம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். குண்டு, பிரைமர், கூடு, பவுடர் நான்கில் எதை மாற்றினாலும் மறுபடி அடியிலிருந்து தொடங்க வேண்டும். தொடக்க அளவுக்குக் கீழே போவதும் பாதுகாப்பு அல்ல. மெதுவாக எரியும் பவுடர் குறைந்தால் பற்றத் தாமதமாகும்.

பிரைமர்ப் புகையிலும் கூடு சுத்தம் செய்யும் தூசியிலும் ஈயம் உண்டு. அந்த மேசையில் சாப்பிடக் கூடாது, குழந்தைகள் அந்த அறைக்கு வரக் கூடாது.

சட்டத்தைப் பற்றித் தொடர் எதுவும் சொல்லவில்லை. அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்கு நிரப்ப மத்திய அரசு உரிமம் வேண்டாம், விற்பனைக்கு நிரப்ப வேண்டும். மாநில விதிகள் வேறுபடும். இந்தியாவில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு உரிமமின்றித் தோட்டா தயாரிப்பதைத் தடைசெய்கிறது. ஊரிலிருந்தும் உங்கள் இதழைப் படிப்பவர்கள் இருப்பதால், அடுத்த பகுதியில் இதைக் கொட்டை எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
தோட்டா நிரப்பும் வாசகர்,
சான் அன்டோனியோ, டெக்சஸ்